ஏரிகளில் அயல் களைத் தடுப்பு, திருவனந்தபுரம்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் வேளி, ஆக்குளம், வெள்ளாயணி ஏரிகளிலும் அவற்றில் வந்து விழும் தோடுகள் எனப்படும் ஓடைகளிலும் வெளிநாட்டுத் தாவரங்களும் மீன்களும் பரவாமல் தடுக்க மாநகராட்சியும் கிராம ஊராட்சிகளும் மாநிலத் துறைகளும் மேற்கொண்ட பணிகள் இக்கட்டுரையில் கூறப்படுகின்றன. ஆப்பிரிக்கப் பாயல் என்னும் நீர்க்களை இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்டது வேளி ஏரியில்தான் (1955). நீர்க்களைகளின் வரலாறு எழுதுவோர் இந்நகரத்தை விட்டுவிட முடியாததற்கு அதுவே காரணம்.

நீர்நிலைகள்

வேளியும் ஆக்குளமும் ஒரே காயலின் இரு பகுதிகள். கடலுக்கும் காயலுக்கும் இடையே பொழி எனப்படும் மணல்திட்டு உண்டு. மழைக்காலத்தில் பொழி உடையும்போதோ வெட்டிவிடப்படும்போதோ வெள்ளம் வடியும், கடல்நீர் உள்ளே ஏறும். பாயலும் ஆகாயத்தாமரையும் உப்பைத் தாங்கா. எனவே பொழியை ஒட்டிய பகுதியில் அவை கருகிப்போனாலும் மேற்பகுதியில் தப்பிப் பிழைக்கும். கண்ணம்மூலை, உள்ளூர் தோடுகள் நகரத்தின் கழிவுநீரைக் காயலுக்குக் கொண்டுவருகின்றன. களைகள் இவ்வளவு செழிப்பதற்கு அந்தக் கழிவுநீரே காரணம்.

வெள்ளாயணி முற்றிலும் நன்னீர் ஏரி. சாஸ்தாங்கோட்டை, பூக்கோடு ஆகியவற்றுடன் கேரளத்தின் மூன்று நன்னீர் ஏரிகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது. கல்லியூர், வெங்ஙானூர் ஊராட்சிகளும் மாநகராட்சியும் இதன் கரையைப் பங்கிட்டுள்ளன. சுற்றுவட்டாரத்துக்குக் குடிநீர் தருவது இது. முன்பு தண்ணீரை இறைத்து வெளியேற்றிவிட்டு ஏரிப்படுகையில் நெல் பயிரிட்டார்கள். அந்த வழக்கம் ஏரிக்குப் பெருந்தீங்கு செய்தது.

பாயலின் வருகை

ஆப்பிரிக்கப் பாயல் பாசி இனம் அன்று. நீரில் மிதக்கும் பெரணி. தாவரவியல் பெயர் சால்வினியா மொலெஸ்டா, பிறப்பிடம் தென்கிழக்கு பிரேசில். கணுவுக்கு மூன்று இலைகள். இரண்டு நீர்மேல் விரிந்திருக்கும். மூன்றாவது நார்நாராகப் பிரிந்து நீருக்குள் தொங்கி வேரின் வேலையைச் செய்யும். உண்மையான வேர் இதற்குக் கிடையாது. ஐந்து தொகுதிக் குரோமோசோம்கள் கொண்ட கலப்பினம் ஆதலால் வித்துகளும் முளைப்பதில்லை. ஆனால் ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் தனிச்செடியாகிவிடும். சத்து மிகுந்த வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நாளில் பரப்பு இரட்டிக்கும். வாரி எடுக்கும்போது கைநழுவும் துண்டுகள் அடுத்த படலத்துக்கு விதையாவதால், ஆள்பலத்தால் மட்டும் இதை ஒழிப்பது மிகக் கடினம்.

1939-இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறைக்கு இச்செடி கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அங்கிருந்து தப்பி இலங்கையின் வயல்களையும் கால்வாய்களையும் மூடியது. ஆப்பிரிக்காவில் சாம்பேசி ஆற்றின் குறுக்கே கரிபா அணை நிரம்பத் தொடங்கியதும் அங்கும் பெருகி, 1962-இல் ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பை அடைத்தது. வேளியில் காணப்பட்டது இந்த இரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில். ஒரு நகர்ப்புறக் காயலில் தோன்றிய புதுச்செடியை அன்று எவரும் பொருட்படுத்தவில்லை. எளிதில் அகற்றியிருக்கக்கூடிய ஆண்டுகள் அப்படியே கழிந்தன. 1964 முதல் கேரளத்தில் அது கடுங்களையாகக் கருதப்பட்டது. குட்டநாட்டின் நெல்வயல்களில் புகுந்தது, படகுப் போக்குவரத்தை நிறுத்தியது, மலைமேல் உள்ள காக்கி நீர்த்தேக்கத்தையும் எட்டியது. குக், குட் என்னும் ஆய்வாளர்கள் 1971-இல் கேரளத்துப் பாயலைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட்டனர்.

இனப்பெயரில் நேர்ந்த பிழை

நீண்டகாலம் இச்செடி சால்வினியா ஆரிகுலேட்டா என்னும் வேறோர் இனமாகவே கருதப்பட்டது. 1972-இல் தாவரவியலாளர் மிட்செல் இதைத் தனி இனமாகப் பிரித்தார். பெயர்ப்பட்டியலில் ஒரு திருத்தம் என்று இதைக் கடந்துபோக இயலாது. இயற்கை எதிரிகளைத் தேடியவர்கள் டிரினிடாட், கயானா பகுதிகளில் வேறு செடியின்மீது வாழ்ந்த பூச்சிகளையே சேகரித்திருந்தார்கள். அவற்றுள் ஒன்றான பாலினியா அக்குமினேட்டா என்னும் வெட்டுக்கிளி 1974-இல் திருவனந்தபுரத்தில் விடப்பட்டது. அது உயிர்பிழைத்தது, பாயலோ குறையவில்லை.

சரியான தாயகம் தென்கிழக்கு பிரேசிலில் 1978-இல் கண்டறியப்பட்டது. அங்கிருந்து ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனம் ஒரு சிறு கருநிறக் கூன்வண்டைக் கொண்டுவந்தது. நீளம் சுமார் 2 மில்லிமீட்டர். வளர்ந்த வண்டு மொட்டுகளைத் தின்னும்; புழு தண்டைக் குடைந்து செல்லும். முன்பே தெரிந்த இனம் என்று கருதி விடப்பட்ட இந்த வண்டும் புதிய இனம் என்பது பின்னர் புலப்பட்டு, 1985-இல் சிர்டோபேகஸ் சால்வினியே என்று பெயர் பெற்றது. 1980-இல் குயின்ஸ்லாந்தின் மூண்டாரா ஏரியில் இதை விட்டார்கள். ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஏரி தெளிந்தது.

இந்தியாவுக்கு 1982-இல் பெங்களூரு வழியாக வண்டு வந்தது. அங்கு ஒரு அல்லிக் குளத்தில் ஓராண்டுக்குள் பலன் தெரிந்தது. கேரளத்தில் 1983 முதல் வேளாண் பல்கலைக்கழகத்தின் பி. ஜே. ஜாய் முதலியோர் இதைப் பெருக்கி நீர்நிலைகளில் விட்டனர். 1980களின் இறுதிக்குள் குட்டநாட்டின் பெரும்பகுதி பாயலிலிருந்து விடுபட்டது. கேரளத்தின் நீர்நிலைகளுக்கு அறிவியல் செய்த உதவிகளுள் இதற்கு இணையானது வேறு இல்லை. இருந்தும் மாநிலத்துக்கு வெளியே இதை அறிந்தோர் மிகச் சிலரே.

ஆகாயத்தாமரை

பாயல் விலகிய நீர்ப்பரப்பில் ஆகாயத்தாமரை இடம்பிடித்தது. மலையாளத்தில் குளவாழை எனப்படும் இது தென்னமெரிக்காவில் தோன்றி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்கு அழகுச்செடியாக வந்தது. 1982-இல் நியோக்கெட்டினா கூன்வண்டுகள் இதற்கெனத் தருவிக்கப்பட்டன. பாயலுக்கு எதிராகக் கிடைத்த வெற்றி இதில் கிட்டவில்லை. கழிவுநீர் கலக்கும் இடங்களில் வண்டு தின்பதைவிடச் செடி விரைவாகத் தழைக்கிறது. திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாயியின் ஆட்சிக்காலத்தில் வெட்டப்பட்ட பார்வதி புத்தனாறு பல இடங்களில் கால்வாய் என்று கண்டுகொள்ள முடியாதபடி இதனால் மூடிக்கிடந்தது.

உள்ளாட்சிகளின் பங்கு

1994-ஆம் ஆண்டின் கேரள ஊராட்சிச் சட்டம், 218-ஆம் பிரிவின்படி, நீரோடைகளையும் குளங்களையும் கிராம ஊராட்சிகளின் பொறுப்பில் வைத்தது. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் அவற்றுக்கு நிதியும் தந்தது. எனினும் பெரிய ஏரிகளில் பாசனத் துறை, வருவாய்த் துறை, சுற்றுலாத் துறை ஆகிய மூன்றுக்கும் அதிகாரம் உண்டு. ஊராட்சி தன் எல்லைக்குட்பட்ட கரையைச் சுத்தம் செய்தாலும் எதிர்க்கரையின் செடி காற்றில் மிதந்து வந்துவிடும். கல்லியூரும் வெங்ஙானூரும் ஒரே வாரத்தில் வாராவிட்டால் இருவர் உழைப்பும் வீண்.

வாரும் வேலையை ஊரக வேலை உறுதித் திட்டத்தின் தொழிலாளர்கள் செய்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள், இடுப்பளவு நீரில் நின்று. 2016 டிசம்பரில் தொடங்கிய ஹரித கேரளம் இயக்கம் தோடுகளைத் தூர்வாரும் பணியை ஒருங்கிணைத்தது. புத்தனாற்றுக்கு மாநில நீர்வழி நிறுவனம் சுவீடனிலிருந்து சேறகற்றும் இயந்திரம் தருவித்தது. வெள்ளாயணி குடிநீர் ஏரி ஆகையால் அங்குக் களைக்கொல்லி தெளிப்பதற்கு இடமில்லை. அங்குப் படர்ந்துள்ள தாமரை உள்நாட்டுத் தாவரம். கோயில்களுக்குப் பூப் பறித்துப் பிழைப்போர் அதை நம்பியிருக்கிறார்கள். அதை அயல் களைகளோடு சேர்த்து அழிப்பது தவறு.

மாநகராட்சி செய்யக்கூடிய மிகப் பெரிய தடுப்பு கழிவுநீரைத் தோட்டில் விடாமல் நிறுத்துவது. முட்டத்தறைச் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கொள்ளளவுடன் 2013-இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் நகரத்தின் எல்லா வீடுகளும் அதனோடு இணைக்கப்படவில்லை.

மீன்களும் இன்றைய நிலையும்

ஆப்பிரிக்கக் கெளிறு வளர்ப்புக்குத் தடை இருந்தும் கேரள நீர்நிலைகளில் பரவியுள்ளது. 2018 வெள்ளத்தில் பண்ணைகளிலிருந்து தப்பிய அரபைமா மீன்கள் மாநிலத்தின் ஆறுகளில் பிடிபட்டன. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைந்து, உள்ளூர்ப் பதிவேடும் பேணப்படுகிறது. அழகுமீன், நீர்ச்செடி விற்கும் கடைகளைச் சோதிக்கும் பணி இக்குழுக்களிடம் இன்னும் ஒப்படைக்கப்படவில்லை.