குள்ளர்கள் ஆடிய சீட்டு: ஒரு கற்பனை விளையாட்டின் வரலாறு

மிகுபுனைவு எழுதுவோர் தம் உலகைப் படைக்கத் தொடங்கும்போது முதலில் நிலப்படம் வரைகிறார்கள். பின்னர் அரச மரபுகள், போர்கள், தெய்வங்கள், மொழிகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள். அந்த உலகத்தின் எளிய மக்கள் வேலை முடிந்த மாலைப்பொழுதில் என்ன செய்வார்கள் என்ற கேள்வி அவர்களுள் சிலருக்கே எழுகிறது. அப்படி எழுந்த ஒரு கேள்விக்கு விடையாகப் போலந்து நாவலொன்றில் சில பத்திகள் மட்டுமே வந்துபோன ஒரு சீட்டாட்டம், இன்று நாவலுக்கு வெளியே தனியாக ஒரு வாழ்வைப் பெற்றிருக்கிறது. அந்த வாழ்வின் கதையை இக்கட்டுரையில் காண முயல்வோம்.

போலந்தின் வூட்ஜ் நகரில் 1948-இல் பிறந்தவர் ஆந்த்ஷெய் சப்கோவ்ஸ்கி. எழுத வருமுன் வெளிநாட்டு வணிகத்துறையில் பணியாற்றியவர். 1986 டிசம்பரில் ‘ஃபன்டாஸ்டிகா’ என்ற இதழில் வெளியான அவருடைய சிறுகதையில்தான் கூலிக்குப் பேய் விலங்குகளைக் கொல்லும் கெரால்ட் என்னும் பாத்திரம் பிறந்தது. பின்பு அச்சிறுகதைகள் பெருகி, ஐந்து நாவல்கள் கொண்ட தொடராக வளர்ந்தன. நாம் பேசவிருக்கும் சீட்டாட்டம் இத்தொடரின் மூன்றாம் நாவலான ‘நெருப்பின் ஞானஸ்நானம்’ நூலில் இடம்பெறுகிறது. அது போலிஷ் மொழியில் வெளிவந்த ஆண்டு 1996. ஆங்கிலத்துக்கு வந்தது 2014-இல்.

நாவலின் சூழலைச் சற்றே நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். தெற்கிலிருந்து நில்ஃப்கார்ட் பேரரசின் படைகள் வடநாடுகளுக்குள் புகுந்துவிட்டன. ஊர்கள் எரிகின்றன. தன் வளர்ப்பு மகளைத் தேடிச் செல்லும் கெரால்ட், வழியில் ஸோல்டான் என்பவனின் தலைமையில் நடக்கும் குள்ளர் கூட்டமொன்றைச் சந்திக்கிறான். அவர்களோடு போரில் வீடிழந்த பெண்களும் குழந்தைகளும் வருகிறார்கள். இந்தக் குள்ளர்கள் இரவில் தங்குமிடத்தில் அமர்ந்து ஆடுவதுதான் ‘க்விண்ட்’. இன்று உலகம் அதனை ‘க்வெண்ட்’ என்று அழைக்கிறது. போலிஷ் மொழியில் அச்சொல்லுக்குத் திருகாணியின் மரை என்று பொருள். உலோக வேலைக்குப் பெயர்பெற்ற ஓர் இனத்தின் ஆட்டத்துக்குப் பொருந்திய பெயர்தான்.

ஆட்டத்தைப் பற்றி நாவல் தரும் செய்தி மிகக் குறைவு. இருவர் இருவராக இணை சேர்ந்து ஆடுகிறார்கள். முதலில் குதிரைச் சந்தையில் பேரம் பேசுவதைப்போல உரத்த குரலில் ஏலம் கேட்கிறார்கள். மிகுதியாகக் கேட்ட இணை இயன்றவரை அதிகப் பிடிகளை எடுக்க முயல்கிறது. எதிர் இணை ஒவ்வொரு முறையும் தடுக்கப் பார்க்கிறது. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு தடி கிடக்கிறது. அத்தடியால் அடித்துக்கொள்வது அரிது. ஓங்கிக் காட்டுவது அடிக்கடி நிகழ்வது.

இவ்வளவுதான். கட்டில் எத்தனை சீட்டுகள், எந்தச் சீட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்பவற்றை வைத்து நாம் ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்துவிட முடியாது. ஆயினும் வாசிக்கும் நமக்கு அவ்வாட்டம் தெரிந்துவிடுகிறது. விதிகளைச் சொல்லாத ஆசிரியர் அதன் ஓசையைச் சொல்லிவிட்டார். ஏலத்தின் கூச்சல், தடியின் மிரட்டல், மறுகணமே எழும் சிரிப்பு ஆகியவற்றால் ஓர் இனத்தின் இயல்பு நமக்குப் பிடிபடுகிறது. சுற்றிலும் போர் நடக்கையில் இவர்கள் தமக்குள் ஒரு பொய்ச்சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அதில் யாரும் சாவதில்லை. ஊரை விட்டுப் புறப்பட்டவர்கள் தோள்பையில் கொண்டுபோகக்கூடிய ஊர் அந்தச் சீட்டுக்கட்டு.

இதன் இரண்டாம் பிறவி கணினியில் நிகழ்ந்தது. சப்கோவ்ஸ்கியின் கதைமாந்தரை வைத்துப் போலந்து நிறுவனமான சிடி ப்ராஜெக்ட் ரெட் 2007-இலும் 2011-இலும் வெளியிட்ட கணினி விளையாட்டுகளில் சத்திரத்துப் பொழுதுபோக்காகப் பகடை இருந்தது. 2015-இல் வந்த மூன்றாம் விளையாட்டில்தான் பகடையின் இடத்தைச் சீட்டு பிடித்தது. பெயர் நாவலிலிருந்து வந்தது. விதிகளைப் புதிதாகவே ஆக்க வேண்டியிருந்தது. நாவலின் ஏலமும் இல்லை, இணையும் இல்லை. எதிரெதிரே இருவர், இருவரிடமும் ஒவ்வொரு படை. கைகலப்பு வீரர், தொலைவிலிருந்து எய்வோர், முற்றுகைப் பொறிகள் என மூன்று வரிசைகளில் சீட்டுகளை அடுக்குகிறார்கள். மூன்று சுற்றுகளில் இரண்டை வெல்பவர் வெற்றியாளர். தொடக்கத்தில் கைக்கு வரும் பத்துச் சீட்டுகளைக் கொண்டே மூன்று சுற்றுகளையும் ஒப்பேற்ற வேண்டும் என்பதால், எந்தச் சுற்றில் வேண்டுமென்றே தோற்பது என்பதைத் தெரிந்துகொள்வதே ஆட்டத்தின் நுட்பம்.

இவ்விடத்தில் ஒரு தலைகீழ் மாற்றம் நிகழ்ந்திருப்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். போரை ஓர் இரவுக்கு மறப்பதற்காக அகதிகள் ஆடிய ஆட்டம், போர் நடத்தும் ஆட்டமாகிவிட்டது. குள்ளர்களை வீடிழக்கச் செய்த பேரரசே சீட்டுக்கட்டில் ஒரு படையாக வந்து அமர்ந்துகொண்டது. தீயின் அருகே அமர்ந்து சீட்டுப் போட்ட ஸோல்டானும் இப்போது ஒரு சீட்டு. ஆடியவனையே ஆட்டக்காயாக்கியது மூலத்துக்குச் செய்த துரோகம் என்றே நாம் முதலில் கருதினோம்.

ஆனால் சீட்டுகளின் மெய்யான வரலாற்றைப் பார்க்கையில் அக்கருத்து தளர்கிறது. ஐரோப்பாவுக்குச் சீட்டுகள் வந்து சேர்ந்தது 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1377-இல் ஃப்ளாரன்ஸ் நகரம் அவற்றுக்கு எதிராக ஆணை பிறப்பித்தது. மக்கள் ஆடியதை ஆவணத்தில் பதிந்துவைத்தது தடைதான். 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் டாரட் சீட்டுகள் பிடி எடுக்கும் சாதாரண ஆட்டத்துக்காகவே வரையப்பட்டன. 18-ஆம் நூற்றாண்டில் அவற்றில் மறைபொருள் கண்டு சோதிடம் பார்க்கத் தொடங்கினார்கள். இன்று அச்சீட்டுகளைப் பார்ப்பவர்களில் பலருக்கு அது ஓர் ஆட்டம் என்பதே தெரியாது. ஆக, நோக்கம் மாறிப்போவது சீட்டின் இயல்புகளில் ஒன்று. ஒரு தலைமுறை சிரிப்பதற்காக வைத்திருந்ததை அடுத்தது அஞ்சுவதற்காக வைத்துக்கொள்ளலாம்.

மேலும், 2015 விளையாட்டு நாவலின் ஓர் உண்மையை விடாமல் காப்பாற்றியிருக்கிறது. அதில் கெரால்ட் இவ்வாட்டத்தை முதன்முதலாகக் கற்பது, பேரரசின் படை பிடித்து வைத்திருக்கும் ஒரு சிற்றூரின் சத்திரத்தில். அதன்பின் கொல்லர், வணிகர், சத்திரக்காரர், பிரபு என்று எவரோடும் அவன் சீட்டாட அமரலாம். அரசுகள் எல்லைக்கோட்டை மாற்றிக்கொண்டிருக்கையில், இன்னார்தான் ஆடலாம் என்று பிரிக்காத ஒரு மேசை நாடெங்கும் கிடக்கிறது. குள்ளர்களின் ஆட்டம் ஊரார் அனைவரின் ஆட்டமாகிவிட்டது.

மூன்றாம் பிறவி இன்னும் சுவையானது. பெருங்கதையை விலக்கிவிட்டுச் சீட்டை மட்டும் ஆட விரும்பியவர்கள் பெருகவே, 2016-இல் அறிவிக்கப்பட்ட தனி விளையாட்டு 2018-இல் முழுமையாக வெளிவந்தது. முன்னர் ஊர்ப்பாத்திரங்களோடு ஆடியவர்கள் இப்போது இணையத்தில் ஒருவரோடொருவர் ஆடினார்கள். சில ஆண்டுகள் புதுச் சீட்டுகள் வந்துகொண்டிருந்தன. 2023-ஆம் ஆண்டோடு அவை நின்றன. அப்போது நிறுவனம் ஒரு முடிவெடுத்தது. எந்தச் சீட்டின் வலுவை ஓர் அலகு கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்பதை, தகுதி பெற்ற ஆட்டக்காரர்களே மாதந்தோறும் வாக்களித்துத் தீர்மானிக்கும் முறையை ஏற்படுத்தியது.

நாட்டார் வழக்காற்றைப் பாடமாக நடத்தும் நமக்கு இது வியப்பளிக்கிறது. நாட்டார் விளையாட்டுக்கு ஆசிரியர் இல்லை என்று வகுப்பில் சொல்கிறோம். ஆடுவோரின் கைகளில் விதி மெல்ல மெல்லத் தேய்ந்து உருமாறுகிறது என்கிறோம். இங்கே ஆசிரியர் உண்டு, ஆண்டு உண்டு, உரிமை பெற்ற நிறுவனமும் உண்டு. அவ்வளவும் இருந்தும், முப்பது ஆண்டுகளுக்குள் விதிகளின் ஒரு பங்கு ஆடுவோரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. நாட்டார் மக்களின் ஆட்டம் என்று கற்பனையில் பிறந்த ஒன்று, உண்மையிலேயே அந்தத் திசையில் சில அடிகள் நடந்திருக்கிறது.

சில அடிகள்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். வாக்கு ஆடுவோருடையது, வாக்குப்பெட்டி நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. அக்கணினி ஒருநாள் நிறுத்தப்பட்டால் இணையத்து மேசைகள் எல்லாம் ஒருசேர அணைந்துவிடும். ஸோல்டானின் கூட்டத்துக்கு அப்படியொரு கவலை இருந்ததில்லை. ஒரு சீட்டுக்கட்டு, நான்கு பேர், பக்கத்தில் ஆளுக்கொரு தடி. எரியும் நாட்டின் நடுவே எங்கு வேண்டுமானாலும் அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம்.