தண்ணீருக்கென்றே பிறந்த காமிரா

கடலுக்குள் படம் எடுக்க விரும்பிய மனிதன் முதலில் கண்ட உபாயம், தரையில் வழங்கிய காமிராவை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டிப் பெட்டியோடு இறக்கிவிடுவது. பெட்டியே வேண்டாம், காமிராவின் உடலையே ஜலத்தைத் தாங்கும் கவசமாக அமைத்துவிடலாம் என்று ஒருவர் துணிந்து, அதைச் செய்தும் காட்டுவதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆயின. அவ்வாறு அமைந்த காமிரா பிரான்சில் கலிப்ஸோ என்ற பெயரோடு தோன்றி, ஜப்பானில் நிக்கோனாஸ் என்ற பெயரோடு வளர்ந்து, சுமார் நாற்பது ஆண்டுக் காலம் உலகத்துச் சமுத்திரங்களிலெல்லாம் உழைத்துவிட்டு, 2001-ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. இன்று நிக்கான் என்று எல்லாரும் அறிந்திருக்கும் நிப்பான் கோகாக்கு கம்பெனியின் நீண்ட சரித்திரத்தில் இது ஒரு சிறு கிளைதான்; ஆயினும் அக்கம்பெனி செய்த காரியங்களுள் வேறு எவராலும் பின்பற்ற இயலாத காரியம் இதுவே என்பது என் அபிப்பிராயம்.

பெட்டிகளின் காலத்தைத் தொடங்கி வைத்தவர் லூயி பூத்தான் என்னும் பிரெஞ்சு விலங்கியல் அறிஞர். ஸ்பெயின் எல்லைக்கு அருகே, மத்தியதரைக் கடலோரத்தில், பன்யூல்ஸ் என்ற ஊரில் இருந்த கடல் ஆராய்ச்சிசாலையில் பணிபுரிந்த அவர், கடலடியில் தாம் கண்ட காட்சிகளைச் சொற்களால் வருணிப்பது போதாதென்று கருதி, பொறியாளராயிருந்த தம் சகோதரர் ஒகுஸ்த் வகுத்துக் கொடுத்த திட்டப்படி ஓர் உலோகப் பெட்டியைச் செய்வித்து, 1893-ஆம் ஆண்டில் அதைத் தண்ணீருக்குள் இறக்கினார். பெட்டியோடு காற்றடைத்த ஒரு ரப்பர்ப் பையும் இணைந்திருந்தது. ஆழத்துக்குச் செல்லச் செல்ல அந்தப் பை நசுங்கி, அதிலுள்ள காற்று பெட்டிக்குள் புகுந்து, வெளியழுத்தத்தையும் உள்ளழுத்தத்தையும் சமப்படுத்தும். கனத்த தலைக்கவசமும் ஈயமிட்ட காலணியும் பூண்டு, மேலே படகிலிருந்து குழாய் வழியே வரும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு, ஒரே ஒரு படத்துக்காக அரைமணி நேரம் வரையில் அவர் காத்து நிற்க வேண்டியிருந்தது. வெளிச்சம் போதாத குறையைத் தீர்க்க, பெரிய பீப்பாய் ஒன்றின் தலையில் சாராய விளக்கை ஏற்றிக் கண்ணாடிக் கூண்டால் மூடி, அந்தச் சுடரின்மேல் மக்னீஷியம் பொடியை ரப்பர்க் குமிழால் ஊதிப் பற்றவைக்கும் யந்திரத்தையும் அவர் பயன்படுத்தினார். 1899-இல் ருமேனிய அறிஞர் எமில் ரக்கோவித்ஸா முழு நீர்மூழ்கி உடையோடு நிற்பதை அவர் எடுத்த படம் இன்றைக்கும் கிடைக்கிறது. அவ்வளவு பிரயாசையோடு எடுத்த படமாயிற்றே என்ற நினைவோடு அதைப் பார்ப்பவர்க்கு, அதன் மங்கலும் கரகரப்பும் ஒரு குறையாகவே தோன்றுவதில்லை.

பூத்தானுக்குப் பின் வந்தவர்களும் பெட்டியை விட்டு விலகவில்லை. 1926-இல் புளோரிடாவை அடுத்த டிரை டார்ட்டுகாஸ் தீவுகளில் லாங்லி, மார்ட்டின் என்ற இருவர் தெப்பத்தின்மேல் மக்னீஷியத்தைக் கொளுத்தி, நீருக்கடியில் முதல் வண்ணப் படங்களை எடுத்ததும் பெட்டிக்குள் வைத்த காமிராவைக் கொண்டுதான். வியன்னாவில் பிறந்த ஹான்ஸ் ஹாஸின் ஆலோசனையோடு, ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்து ரோலை கம்பெனியார் 1954-இல் வெளியிட்ட ரோலைமரின், பெட்டி என்ற வகையில் மிக உயர்ந்த வேலைப்பாடு உடையது. நூறு மீட்டர் ஆழம் வரையில் அது தாங்கும். ஆனால் உள்ளேயிருக்கும் காமிராவில் பன்னிரண்டு படங்களுக்கு மேல் எடுக்க வழியில்லை. பன்னிரண்டாவது படம் முடிந்ததும் மேலே வந்து, கையை உலர்த்திக்கொண்டு, பெட்டியைத் திறந்து பிலிம் மாற்ற வேண்டும். படம் எடுக்கத் தகுந்த மீன் பதின்மூன்றாவது தடவைதான் எதிரே வரும் என்பது அந்நாளில் கடலில் மூழ்கியவர்கள் எல்லாரும் அறிந்த துக்கம்.

இதற்கிடையே நீரில் மூழ்கும் முறையே மாறிவிட்டது. 1943-இல் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் சேர்ந்து அமைத்த அக்வாலங் என்ற சுவாசக் கருவி, மேலே படகோடு மனிதனைப் பிணைத்திருந்த குழாயை அறுத்தெறிந்தது. அதைச் செய்து விற்பதற்காக 1946-இல் ஏற்பட்ட ஸ்பைரோதெக்னிக் கம்பெனி, சிப்பாயும் விஞ்ஞானியும் மட்டுமே கண்டிருந்த கடலடியைச் சாதாரண மனிதரும் காண வழிசெய்தது. கூஸ்தோவின் 'மௌன உலகம்' என்ற திரைப்படம் 1956-இல் கான் விழாவின் முதற் பரிசைப் பெற்றபின், அந்த உலகத்தைத் தாமும் பார்க்க வேண்டும், பார்த்ததைப் படமாகக் கொண்டுவர வேண்டும் என்னும் ஆசை ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றிக்கொண்டது. உடலைத் தண்ணீர் தன்னிச்சையாகச் சுமக்கும்போது, கையில் மட்டும் ஒரு பெட்டகத்தைச் சுமப்பானேன் என்ற கேள்வி அப்போதுதான் உண்மையான கேள்வியாயிற்று.

அதற்கு விடை கண்டவர் பெல்ஜியத்துப் பொறியாளரான ழான் த வூட்டர்ஸ். கூஸ்தோவின் குழுவோடு நெருங்கிப் பழகிய அவர், பிலிமையும் ஷட்டரையும் சுமக்கும் உட்கூடு ஒன்று, அதை முழுதும் மூடிக்கொள்ளும் உலோக மேலுறை ஒன்று, இவ்விரண்டையும் பூட்டிவைக்கும் சாவியாக லென்ஸ் ஒன்று, ஆக மூன்றே பகுதிகளாகக் காமிராவை வகுத்து, அப்பகுதிகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் மட்டும் ரப்பர் வளையங்களை வைத்தார். கூஸ்தோவின் கப்பலுடைய பெயரையே தாங்கி, கலிப்ஸோ என்று வழங்கிய அந்தக் காமிரா, 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆட்டம்ஸ் என்னும் பிரெஞ்சுத் தொழிற்சாலையில் உருவாகி, ஸ்பைரோதெக்னிக் மூலம் விலைக்கு வந்தது. முப்பத்தாறு படங்கள் கொண்ட சாதாரண 35 மில்லிமீட்டர் சுருள் அதில் பொருந்தும்; ஒரு கைக்குள் அடங்கும்; கரையேறிய பின் குழாயடியில் பிடித்துக் கழுவலாம்.

அந்த ரப்பர் வளையத்தைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். பட்டறைகளில் ஓ-ரிங் என்று சொல்கிற அந்த வளையம், அதற்கென வெட்டிய பள்ளத்தில் சிலிக்கோன் கிரீஸ் பூசிக்கொண்டு படுத்திருக்கிறது. கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வாயுமண்டலத்தின் அழுத்தம் கூடும். ஐம்பது மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் சுமார் ஐந்து கிலோ பாரம் ஏறும். உள்ளே நுழையத் தேடும் அந்த ஜலமே வளையத்தைப் பள்ளத்தின் சுவரோடு நெருக்கித் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. ஆகையால் ஆழம் மிகுமளவும் அடைப்பும் இறுகுகிறது. நீர் கசியும் ஆபத்து மிகுதியாக இருப்பது, வளையம் இன்னும் நசுங்காமல் இருக்கும் முதல் ஓரிரு மீட்டரில்தான். ஒரு தலைமயிரோ, ஒரு மணலோ அந்தப் பள்ளத்தில் கிடந்துவிட்டால் போதும், உப்புநீர் உள்ளே பாய்ந்து காமிராவைப் பாழாக்கிவிடும். எனவே மூழ்குவதற்கு முன் வளையத்தை விரல் நுனியால் தடவித் துடைப்பதும், மூழ்கி வந்தபின் காமிராவை நல்ல தண்ணீரில் ஊறவைப்பதும் அந்தக் காமிராவை வைத்திருந்தவர்களின் நித்திய கர்மங்களாயின.

இந்தக் காமிராவின் உரிமையைப் பெற்ற நிப்பான் கோகாக்கு, நீருக்குப் புதிய கம்பெனி அன்று. 1917-இல் டோக்கியோவில் ஏற்பட்டு, ஜப்பானியக் கடற்படைக்குப் பெரிஸ்கோப்புகளும் தொலைவுமானிகளும் செய்து கொடுத்து வளர்ந்தது அது. யமாட்டோ என்ற பெரும் போர்க்கப்பலின் உச்சியில் இருந்த பதினைந்து மீட்டர் நீளத் தொலைவுமானி அதன் கைவேலைதான். யுத்தம் முடிந்து கடற்படையே இல்லாமற் போனபின், 1948-இல் நிக்கான் என்ற காமிராவைச் செய்து பிழைக்க முற்பட்ட அக்கம்பெனியின் லென்ஸ்கள், 1950-இல் கொரியப் போரைப் படமெடுக்க வந்த அமெரிக்கப் பத்திரிகைக்காரர்களின் வாயிலாகப் பிரசித்தி பெற்றன. 1959-இல் அது வெளியிட்ட நிக்கான் எப் உலகத்துப் பத்திரிகைக் காமிராவாகவே ஆகிவிட்டது. அந்த உச்ச நிலையில் இருந்த கம்பெனி, முக்குளிப்போர் என்ற சிறு கூட்டத்தை உத்தேசித்து, வேறொரு நாட்டுப் பொறியாளர் கண்ட அமைப்பைக் கௌரவத்தோடு ஏற்று, 1963-இல் நிக்கோனாஸ் என்று வெளியிட்டது. சில இடங்களில் கலிப்ஸோ-நிக்கோர் என்று இரு பெயரும் சேர்த்தே பொறித்து விற்றார்கள். பிறர் கண்டதைப் பெற்றுத் தன் பெயரை மட்டும் இட்டுக்கொள்வது வியாபாரத்தில் சகஜமாயிருக்க, மூலத்தின் பெயரையும் காமிராவின் நெற்றியில் இருக்கவிட்டது எனக்கு மிகவும் உவப்பான செய்தி.

அதைத் திறக்கும் விதத்தை அருகிருந்து பார்த்தவர்கள் மறப்பதில்லை. முதலில் லென்ஸை இழுத்துக் கால் சுற்றுத் திருகிக் கழற்ற வேண்டும்; பின்பு தோள்வார் மாட்டும் இரண்டு காதுகளையும் நெம்புகோலாகக் கொண்டு அழுத்தினால், தீப்பெட்டியின் உட்டட்டு வெளிவருவதுபோல உட்கூடு முழுவதும் மேலே எழும்பி வந்துவிடும். வார் மாட்டும் வளையமே திறவுகோலாகவும் ஆயிற்று. முன்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு நெம்பு, அழுத்தும்போது படத்தை எடுக்கிறது. எடுத்ததும் முன்னே குதித்து நிற்கிறது. மறுபடி அழுத்தினால் பிலிமை நகர்த்துகிறது. குளிரில் விறைத்து, தடித்த உறை அணிந்த விரல் ஒன்றுக்கு இதைவிட எளிய வேலையைக் கொடுக்க முடியாது. லென்ஸின் இரு பக்கமும் இருக்கும் திருகுகளில் ஒன்று துவாரத்தையும் மற்றொன்று தூரத்தையும் அமைக்க, எந்தத் தூரம் முதல் எந்தத் தூரம் வரை படம் தெளிவாக விழும் என்பதை லென்ஸின் முகத்திலேயே இரண்டு சிறு சிவப்புக் குறிகள் விரிந்தும் சுருங்கியும் காட்டும்.

ஆனால் தூரத்தைக் கண்ணால் மதிப்பிடத்தான் வேண்டும். ஒளிவிலகலினால் நீருக்குள் எதுவும் உண்மைத் தூரத்தில் முக்கால் பங்கில் இருப்பதாகவே தோன்றும். நான்கு மீட்டரில் இருக்கும் சுறா மூன்று மீட்டரில் நிற்கிறது. தட்டையான கண்ணாடி வழியே பார்க்கும் லென்ஸுக்கும் அதே மயக்கம் ஏற்படுவதால், கண் சொல்லும் பொய்த் தூரத்தையே திருகில் வைத்தால் படம் சரியாக விழும்! முதலில் வந்த 35 மில்லிமீட்டர் லென்ஸ், நிலத்துக் காமிராவுக்காக ஏற்கெனவே கணக்கிட்டிருந்ததைத் தட்டைக் கண்ணாடிக்குப் பின்னே வைத்ததே. அதனால் காற்றிலும் நீரிலும் அது வேலை செய்தது. பிற்பாடு நிப்பான் கோகாக்குப் பொறியாளர்கள் ஒருபடி மேலே சென்று, முன்னே நிற்கும் கடலையும் லென்ஸின் ஓர் அங்கமாகவே கணக்கில் சேர்த்து 28 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையும், 1972-இல் தொண்ணூற்று நான்கு பாகை விரிவுள்ள 15 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையும் செய்தார்கள். இவற்றைக் கரையில் மாட்டிப் பார்த்தால் படம் கலங்கித் தெரியும். நீருக்குள் இறக்கினாலோ, பெட்டிக்குள் இருந்து பார்க்கும் எந்த லென்ஸும் தராத தெளிவு மூலைகள் வரையிலும் கிடைக்கும். கலங்கிய நீரில் பொருளோடு நெருங்கி நின்றுதான் நல்ல படம் எடுக்க முடியும் என்பதால், நெருங்கியும் அகலமாகவும் பார்க்கும் அந்த 15 மில்லிமீட்டர் லென்ஸ், திமிங்கிலத்தையும் மூழ்கிய கப்பலையும் பற்றி நம் மனத்தில் பதிந்திருக்கும் சித்திரங்களுக்கே ஒரு காரணமாயிற்று என்று சொல்வேன்.

காமிரா கடலோடு நிற்கவில்லை. வியட்நாமின் பருவமழையிலும் சேற்றிலும் வேறு காமிராக்கள் நின்றுபோனபோது நிக்கோனாஸ் நிற்கவில்லை. பனிமலை ஏறுபவர்களும் படகோட்டிகளும் புழுதியில் வேலை செய்பவர்களும் அதை நாடினார்கள்.

1968-இல் சில திருத்தங்களோடு இரண்டாவது மாதிரியும், 1975-இல் மூன்றாவதும் வந்தன. 1980-இல் வந்த நான்காவது மாதிரியில்தான் உட்கூடும் மேலுறையும் என்ற பழைய அமைப்புப் போய், பின்கதவும் மின்னணுவால் தானே வெளிச்சத்தை அளக்கும் முறையும் புகுந்தன. ஆரஞ்சு நிறத்திலும் பச்சை நிறத்திலும் 1984-இல் வெளிவந்த ஐந்தாவது மாதிரியே மிகுதியாகப் பரவியது. சில மீட்டர் ஆழத்திலேயே செந்நிறத்தைத் தண்ணீர் விழுங்கிவிடுவதால் பிளாஷ் இல்லாமல் வண்ணப் படம் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பல்பைக் கையால் மாற்றிக்கொண்டு, கைதவறியது மேலே மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்த பழைய காலத்துக்குப் பின், லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தைக் காமிராவே அளந்து பிளாஷை உரிய கணத்தில் அணைத்துவிடும் ஏற்பாடு பெரும் விடுதலையாயிற்று. 1992-இல் நூறு மீட்டர் தாங்கும் நிக்கோனாஸ் ஆர்.எஸ். வந்தது. லென்ஸ் வழியே நேராகப் பார்த்து, தானே தூரத்தை அமைத்துக்கொள்ளும் காமிராக்களில் நீருக்கென்று பிறந்த முதலாவது அதுவே. அதன் விலை மிகவும் அதிகம்; 1996-இலேயே அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

எது இந்தக் காமிராவின் மேன்மையோ அதுவே அதன் முடிவுக்கும் காரணமாயிற்று. கவசமும் உள்ளுறுப்பும் ஒன்றாயிருந்தபடியால், உள்ளுறுப்பு பழசாகும்போது கவசத்தையும் சேர்த்தே புதிதாகச் செய்ய வேண்டும். நிலத்துக் காமிராக்களோ ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே வந்தன. 1962-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் தோன்றிய ஐக்கிலைட் போன்ற பெட்டிக் கம்பெனியார், ஒவ்வொரு புதுக் காமிராவுக்கும் ஒரு புதுப் பெட்டியைச் செய்து கொடுத்துவிடலாம். டிஜிட்டல் யுகம் பிறந்தபோது அவர்கள் செய்ய வேண்டியிருந்ததும் அவ்வளவே. சில ஆயிரம் முக்குளிப்போருக்காக நீர்புகாத டிஜிட்டல் காமிரா ஒன்றை அடியிலிருந்து வகுப்பது எந்தக் கம்பெனிக்கும் கட்டுபடியாகும் காரியமாக இருக்கவில்லை. வியாபாரக் கணக்கில் அது நியாயமே. ஆயினும் தட்டைக் கண்ணாடிக்கும் அரைக்கோளக் கண்ணாடிக்கும் பின்னால் நின்று, நிலத்துக்கென்று பிறந்த லென்ஸ் கடலைப் பார்க்கும்போது மூலைகளில் விழும் கலக்கத்தை இன்றைய படங்களில் காணும்போதெல்லாம், கடலையே கணக்கில் சேர்த்த அந்தப் பழைய லென்ஸ்களை நினைத்து வருந்தாமல் இருக்க முடிவதில்லை.

அந்த வருத்தம் எனக்கு மட்டும் உரியதன்று. உற்பத்தி நின்று பல ஆண்டுகள் கழித்து, மிரர்லெஸ் என்று வழங்கும் இன்றைய டிஜிட்டல் காமிராக்களின் பெட்டிகளில் நிக்கோனாஸ் 15 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்துவதற்கென்று இணைப்பு வளையங்களைப் பெட்டிக் கம்பெனிகளே செய்து விற்கத் தொடங்கின. கடலடியில் படமெடுப்போர் பழைய லென்ஸ்களைத் தேடி வாங்கி, ரப்பர் வளையங்களை மாற்றி, மறுபடியும் கடலுக்குள் கொண்டு செல்கிறார்கள்.