பெரட்டுக் களத்தில் யார் சொல்?

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கமும் ஒழியவேண்டுமென்றனர். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. கூலி பேசும் மேசையில் நம்மவருக்கு இடம் உறுதிப்பட்டது. மேசைக்கு அப்பால்? 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 13(3) பிரிவு, ஆளெடுப்பு, இடமாற்றம், நீக்கம், வேலைப் பங்கீடு ஆகியவற்றைக் கூட்டுப் பேச்சுக் கோரிக்கைகளிலிருந்து விலக்கிவிட்டது.

வேலைப் பங்கீடு சிறு செய்தியன்று. கொழுந்தின் எடையே வருவாயானால், செழித்த நிரை யாருக்கு என்பதும் கூலிப் பேச்சே. தானா ராத்தாவில் என் முதல் மாணவரின் தாய்மார் இதைச் சட்டம் படியாமலே அறிந்திருந்தனர்.

2021-இல் நடப்புக்கு வந்த திருத்தம், இடமாற்றம், நீக்கம் போன்றவற்றைப் பொதுநெறி அளவில் பேச இடந்தந்தது. தனி ஆளைப் பற்றிய முடிவோ நிர்வாகத்திடமே உள்ளது. இன்று அந்நிரைகளில் நிற்போருள் வெளிநாட்டுத் தொழிலாளர் மிகப் பலர்.