புனேயும் ஏட்டாராய்ச்சியும்

வியாச முனிவர் சொல்ல, விநாயகப் பெருமான் பாரதத்தை எழுதினார் என்பது நாம் அனைவரும் இளமையிலேயே கேட்ட கதை. அக்கதை மூலநூலைச் சார்ந்ததன்று என்று விலக்கிப் பிற்சேர்க்கையில் வைத்தோர், பிம்ப்ரியில் லோக்கல் வண்டி ஏறிச் சிவாஜிநகரில் இறங்கினால் சென்றடையக்கூடிய பண்டார்கர் கீழ்த்திசை ஆராய்ச்சிக் கழகத்தார். முதன்முதல் இதனைக் கேள்வியுற்றபோது எமக்குச் சினமே மூண்டது. சினம் ஆறியபின், எத்துணிவால் இவ்வாறு செய்தனர் என்று அறிய அவாவினோம்.

கழகம் 1917-இல் தோன்றியது. பாரதப் பதிப்பு வேலை 1919-இல் தொடங்கியது. ஆயினும் அதற்கு ஓர் ஒழுங்கை வகுத்தவர் 1925-இல் தலைமைப் பதிப்பாசிரியரான சுக்தங்கர். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று, பின்னர் பெர்லினில் லூடர்ஸ் என்னும் பேராசிரியரிடம் வடமொழி ஆராய்ச்சி கற்றவர் அவர். கணிதம் பயின்றவர் என்பது அவர் முறையைக் கண்டாலே விளங்கும்.

ஒவ்வொரு சுலோகத்துக்கும் ஒரு தாள். தாளின் தலைப்பில் வழக்கிலுள்ள பாடம் எழுதப்படும். அதன் கீழ் ஒவ்வோர் ஏட்டிலும் காணும் வேறுபாட்டை, எழுத்துக்கு நேர் எழுத்தாகக் கட்டங்களில் நிரப்புவர். மிகுதியான சுலோகங்களையும் குறிப்புகளையும் எழுத வலப்புறம் ஓரம் விடப்பட்டிருக்கும். இதனைச் செய்தோர் இதற்கெனப் பயிற்றப்பட்ட சாஸ்திரிகளும் பட்டதாரிகளும். ஏட்டில் உள்ளதை உள்ளவாறே எழுதுவதுதான் அவர்தம் வேலை. சாஸ்திரிக்குப் புலமை எவ்வளவிருப்பினும், அக்கட்டத்துக்குள் அதைக் காட்டலாகாது. மெட்ரிகுலேஷனோடு படிப்பு நின்று, இருபதாண்டுகளுக்கு மேலாக இரயில்வேப் பேரேடுகளில் கட்டம் நிரப்பிவரும் எமக்கு இவ்விடத்தில் ஒரு சிறு பெருமை தோன்றியதை மறைப்பானேன்?

ஆதிபர்வத்துக்கு மட்டும் 235 ஏடுகள் கணக்கில் வந்தன. அவற்றுள் 31 நம் கிரந்த எழுத்தில் அமைந்தவை. தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தியவை 60. ஏடுகளை ஒப்பிடும் பணி தஞ்சைச் சரசுவதி மகாலிலும் நடைபெற்றது.

இனி விநாயகர் கதைக்கு வருவோம். தென்னாட்டு ஏடுகள் சிலவற்றில் அக்கதை இல்லாமையை வின்டர்னிட்ஸ் என்பார் 1898-லேயே சுட்டிக்காட்டினார். தென்னாட்டு ஏடுகளோ பொதுவாக வடநாட்டு ஏடுகளினும் விரிந்தவை; கிடைத்ததை விடாமல் சேர்த்துக்கொள்பவை. அத்தகையவற்றிலேயே ஒரு கதை இல்லையெனின், அது பின்னர்ப் புகுந்தது என்று கொள்வதன்றி வேறென் செய்வது? எம் சினம் இவ்விடத்திலே தணிந்தது. பெருமான்மீது கொண்ட பக்தி தணியவில்லை. கதையையும் அவர்கள் எறிந்துவிடவில்லை, பிற்சேர்க்கையில் காத்தே வைத்துள்ளனர்.

நம் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது இத்தகைய பயிற்சிக்கூடம் எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை. ஏடு தேடுதலையும் பாடம் ஒப்பிடுதலையும் தாமே தட்டுத்தடுமாறிக் கற்றார். அம்முறைகளை மாணவர் கற்கத்தக்க நூலாக்கி, இந்திய ஏடுகளைக் கொண்டே விளக்கியவர் இதே புனேயின் டெக்கான் கல்லூரியைச் சார்ந்த காத்ரே, ஆண்டு 1941.

சுக்தங்கர் 1943-இல் மறைந்தார். பெல்வல்கரும் வைத்யாவும் பணியைத் தொடர்ந்தனர். 1,259 ஏடுகளை ஆராய்ந்து, 1966-இல் 19 தொகுதிகளாகப் பதிப்பு நிறைவெய்தியது.

எம் மகள் இவ்வாண்டு தமிழில் எம்.ஏ. வகுப்பில் சேர்ந்துள்ளாள். “இலக்கியம் படிக்கச் சென்றவளுக்குக் கட்டம் போட்டு எழுத்து எண்ணச் சொல்லுகிறார்களே அப்பா!” என்று சலித்துக்கொள்கிறாள். ஒரு நாள் விடுப்பெடுத்து அவளைச் சிவாஜிநகருக்கு அழைத்துச் செல்லக் கருதியுள்ளோம்.