எழுத்துச் சரமும் எல்லைக் காவலும்

ஒரு சொல் எவ்விடத்தில் முடிகின்றது என்பதைக் கண்ணுடையார் எவரும் எளிதில் அறிவர். கணினிக்கோ அவ்வறிவு இல்லை. அதன் நினைவகம் எண்ணிடப்பட்ட பைற்றுகளின் நீண்ட வரிசையேயாம். அவ்வரிசையில் ஒரு பெயரையோ வாக்கியத்தையோ எழுத்துச் சரமாக வைக்குமிடத்து, அது தொடங்கும் இடத்தோடு முடியும் இடத்தையும் குறித்தல் வேண்டும். எழுத்துக்களின் தொகையை முன்னே எழுதிவைத்தல் ஒரு முறை. இறுதியில் ஓர் அடையாளம் இடுதல் மற்றொரு முறை. இவ்விரண்டனுள் ஒன்றைத் தெரிந்த சிறு செயல் பிற்காலத்திற் பெருங் கேடுகளுக்கு வாயிலாயிற்று. அவ்வரலாறு அறியத்தக்கது.

கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாட்டின் றிச்சாட்ஸ் 1960களின் நடுப்பகுதியில் வகுத்த பிசிபிஎல் என்னும் செய்நிரல் மொழி முதலாவது முறையைக் கைக்கொண்டது. சரத்தின் முதற் பைற்று அதன் நீளத்தைக் கூறும். எட்டுப் பிற்று கொண்ட பைற்று ஒன்று 255 இற்கு மேற்பட்ட எண்ணைத் தாங்காது. ஆதலின் சரமும் அவ்வளவில் நின்றுவிடும். இம்மொழியைத் தழுவி அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் ஆக்கிய பி மொழி, இறுதி அடையாளத்தை மேற்கொண்டது. 1971 தொடக்கம் 1973 வரை டெனிஸ் றிச்சி உருவாக்கிய சி மொழியும் அவ்வழியே சென்று, பூச்சியப் பெறுமானமுடைய பைற்று ஒன்றை இறுதியில் நிறுத்தியது. நீள வரம்பை நீக்குதலும், தொகையைப் பேணுவதிலும் அடையாளம் இடுதல் வசதி என்ற அனுபவமுமே இம்மாற்றத்துக்குக் காரணங்கள் எனப் றிச்சி 1993 இல் எழுதினார். யுனிக்ஸ் பணிசெயல் முறைமை அமைந்த முதலாவது பிடிபி-11 கணினியின் நினைவகம் 24 கிலோபைற்று மாத்திரமே என்பதை நோக்கின், அக்காலத்தார் ஒவ்வொரு பைற்றையும் எண்ணிச் செலவிட்டமை வியப்பன்று.

எனினும், இம்முறை சரங்களைக் கையாளும் துணைச் சார்புகள்மீது ஒரு குறையைச் சுமத்தியது. ஸ்ரர்கொப்பி என்னும் சார்பு, பூச்சியத்தைக் காணும்வரை படியெடுத்துக்கொண்டே செல்லும். பெறுமிடம் எத்துணைப் பெரிது என்று அது வினவுவதில்லை. கெற்ஸ் என்னும் சார்பு, வெளியிலிருந்து வரும் ஒரு வரியை அளவு கேளாமலே உள்ளே ஏற்கும். ஸ்ரர்என்கொப்பியோ அளவைக் கேட்கும். ஆயின் அது யுனிக்ஸ் அடைவுகளில் 14 பைற்று கொண்ட கோப்புப் பெயர்களை நிரப்பும் தேவையிற் பிறந்தது. மூலம் அவ்வளவை நிறைப்பின் இறுதிப் பூச்சியத்தை அது இடாது. இதனை அறியாது, பாதுகாப்பான படியெடுப்பு எனக் கருதி ஏமாந்தோர் பலர். நினைவகத் துண்டுகளைப் படியெடுக்கும் மெம்கொப்பியிலும் ஓர் இடர் உண்டு. மூலமும் பெறுமிடமும் ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருப்பின் விளைவு இன்னதென 1989 ஆம் ஆண்டின் சி நியமம் வரையறுக்கவில்லை. அந்நிலைக்கு மெம்மூவ் என்னும் வேறொரு சார்பை வகுத்தது. இவ்வாறு எல்லை காக்கும் பொறுப்பு முழுவதும் செய்நிரல் எழுதுவோன் தலையில் விழுந்தது.

அப்பொறுப்புத் தவறியமையின் விளைவு 1988 நவம்பர் 2 ஆம் திகதி வெளிப்பட்டது. கோர்னெல் பல்கலைக்கழகப் பட்டப்பின் மாணவரான றொபேட் மொறிஸ் எழுதிய 'புழு' என்னும் செய்நிரல் அன்று இணையத்திற் பரவிற்று. அது கையாண்ட வழிகளுள் ஒன்று பிங்கர் என்னும் சேவையிற் கெற்ஸ் விட்டிருந்த வாயிலாகும். 512 பைற்றுக்கு ஒதுக்கிய இடத்தில் 536 பைற்றுகளை அப்புழு திணித்தது. மிகுந்தவை அயலிலிருந்த இடத்தை அழித்து, சார்பு முடிந்தபின் திரும்பவேண்டிய முகவரியையும் மாற்றின. கணினியும் வந்தவன் கட்டளைக்கு அடிமையாயிற்று. ஏறத்தாழ 6000 கணினிகள் தாக்கப்பட்டன என்பது அக்கால மதிப்பீடு.

பாடம் விரைவிற் கற்கப்படவில்லை. பெறுமிடத்தின் அளவுக்குள் அடங்கப் படியெடுத்து, இறுதிப் பூச்சியத்தையும் இடும் ஸ்ரர்எல்கொப்பியை ஓபன்பிஎஸ்டி குழுவினர் 1998 இல் வெளியிட்டனர். எஞ்சிய பகுதியை வெட்டிவிடுதலும் பிழையே எனச் சிலர் வாதித்தமையால், குனூ சி நூலகம் அதனை 2023 இலேயே ஏற்றது. கெற்ஸ் என்பதைச் சி நியமம் நீக்கியது 2011 இல். அஃதாவது புழு பரவி 23 ஆண்டுகளின் பின்னராகும்.

இதனால் றிச்சியைக் குறை கூறுதல் முறையன்று. சிறிய பொறியில், ஒருவரையொருவர் அறிந்த சிலர் பணிபுரிந்த காலத்துக்கு அத்தெரிவு ஏற்றதே. காலம் மாறி, முன்பின் அறியாதார் அனுப்பும் எழுத்துக்களைக் கணினிகள் ஏற்கத் தொடங்கிய பின்னரும், பழைய வழக்கை ஆராயாது பேணியதே குற்றமாயிற்று. முன்னோர் விட்டுச்சென்ற கருவியைக் கையேற்போர், அது எந்நிலைக்கென ஆக்கப்பட்டது என்பதையும் உடன் கற்றல் வேண்டும். எல்லையை அறியாத ஏவல், ஏவினோனையே கெடுக்கும்.