செப்பொட்சைட்டில் ஒழுங்கும் ஓட்டமும்

ஆனையிறவு உப்பளப் பாத்திகளிற் கடல்நீர் வற்ற, உப்பு மணி திரள்வதை வன்னி மக்கள் நன்கறிவர். நீரில் எத்திசையும் ஒன்றே. மணியிலோ சில திசைகள் தனிச்சிறப்பு எய்துகின்றன. இதனைச் சமச்சீர் குலைதல் என்பர் பௌதிகர். வெப்பவசைவு முற்றும் ஒழிந்த தனிப்பூச்சியத்திலும், பொருளின் சேர்க்கையோ அழுத்தமோ மாறுமிடத்து இத்தகைய அவத்தை மாற்றம் நிகழக்கூடும். அங்கே ஒழுங்கைக் குலைப்பது குவாண்டம் அலைவாகும்.

எலத்திரன்கள் பேர்மியன் இனத்தவை. ஒரே நிலையில் இரண்டு தங்கா. அவை ஒன்றையொன்று தள்ளுவதனால் விளைவனவற்றை ஆராய 1963 இல் ஹபார்ட் எளிய மாதிரியொன்றை வகுத்தார். அணுவுக்கு ஓர் எலத்திரன் வீதமிருந்து தள்ளுகையும் மிகுமாயின், வீட்டுக்கொருவராய் நிறைந்த தெருவிற் குடிபெயர இடமில்லாதது போல எவையும் நகரா. உலோகமாகவேண்டிய பொருள் காவலியாகிவிடும்.

1986 இல் பெட்னோர்சும் மியுல்லரும் இலந்தனச் செப்பொட்சைட்டிற் பேரியங் கலந்து, 30 கெல்வினை அண்டி மீகடத்தலைக் கண்டனர். 1911 இல் ஒன்னசு இரசத்திற் கண்டதோ ஏறத்தாழ 4 கெல்வினில். காவலியொன்று சிறு கலப்பினால் மீகடத்தியாவது எங்ஙனம்? அயலெலத்திரன்கள் இணையிணையாய்ப் பிணைந்து, அப்பிணைப்பை ஓயாது மாற்றிக்கொண்டிருக்கும். காந்தவொழுங்கு உறையாது, சமச்சீருங் குலையாது. சில எலத்திரன்களை அகற்றின் அவ்விணைகளே மின்னைக் காவும் என 1987 இல் பிலிப் அண்டர்சன் விடை கூறினார். இதற்குக் கணிதவுருவம் அளிப்பதில் முன்னின்றவர் தமிழரொருவர்: சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய கணபதி பாஸ்கரன். அவரும் சூ என்பவரும் அண்டர்சனும் அவ்வாண்டிலேயே வெளியிட்ட கட்டுரை, அக்கால ஆரவாரத்தில் மறைந்துபோகாத சிலவற்றுள் ஒன்று.

சோதனை முற்றுந் துணைநிற்கவில்லை. 1987 இலேயே நியூத்திரன் சிதறலாய்வு, கலப்பற்ற பொருளில் அயற் கறங்கல்கள் எதிரெதிராய் ஒழுங்குற்றிருப்பதைக் காட்டிற்று. ஆங்குச் சமச்சீர் குலைந்தே இருந்தது! இணைகளின் வடிவிலும் அக்கட்டுரை உரைத்தது ஒன்று. 1990களின் நடுப்பகுதிக்குள் சோதனை நிறுவியது பிறிதொன்று. எனினும் கொள்கை முழுவதும் வீழ்ந்ததெனல் அவசரக் கூற்றேயாகும். இலந்தனத்தின் இடத்திற் ஸ்ரோன்சியம் புகுமிடத்து, ஒரு செப்பணுவுக்குச் சுமார் 0.02 என்னும் அளவில் அவ்வொழுங்கு அழிகிறது, 0.05 ஐக் கடந்ததும் மீகடத்தல் தோன்றி, 0.15 ஐ அண்டி உச்சமடைகிறது. தள்ளுகையிலிருந்தே இணைவு பிறக்கலாம் என்னுங் கருத்தைப் பலர் இன்றும் கைவிடவில்லை. ஒழுங்கு அழிவதற்கும் ஓட்டம் தோன்றுவதற்கும் இடைப்பட்ட அவத்தையின் இயல்பு பற்றியோ அறிஞரிடை இன்னும் ஒருமைப்பாடில்லை.