படம் வரைந்து பாகங்களைக் குறி

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வு எழுதிய எவருக்கும் ஒரு கட்டளை மறக்காது: படம் வரைந்து பாகங்களைக் குறி. நியூரான், இதயத்தின் நீள்வெட்டு, சூலின் அமைப்பு என்று எதைக் கேட்டாலும், நன்றாகப் படிக்கிற மாணவி சில நிமிடங்களில் வரைந்து, கோடு இழுத்து, பெயர் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு படத்தை அதே மாணவியிடம் கொடுத்து, இதில் என்ன தெரிகிறது, எதை வைத்து அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டால் திகைத்துப்போவாள். அப்படி ஒரு கேள்வியைப் பள்ளிக்கூடம் அவளிடம் கேட்டதே இல்லை. இதற்காகப் பள்ளிக்கூடத்தைப் படத்தின் எதிரி என்று சொல்லிவிட முடியாது. வகுப்பறைக்குள் படம் நுழைந்து முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனால் படத்தைக் காட்டுவது ஒரு வேலை. படத்தைப் பார்த்து யோசிக்கப் பழக்குவது இன்னொரு வேலை. முதல் வேலை தடையில்லாமல் வளர்ந்தது. இரண்டாவது அங்கங்கே முளைத்து, ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லும் பயிற்சியாகச் சுருங்கியது. படம் கிடைக்காததாலோ காசு இல்லாததாலோ அப்படி ஆகவில்லை. பெயரைத் திருத்தி மதிப்பெண் போடலாம். பார்வைக்கு மதிப்பெண் போடும் வழியைப் பள்ளிக்கூடம் கண்டுபிடிக்கவில்லை. இந்த வழக்கத்தின் வரலாறு முழுக்க அந்த ஒரு சிக்கலைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

படப் பாடநூல்களில் முன்னோடி 1658-இல் நியூரம்பெர்க் நகரில் அச்சான 'ஓர்பிஸ் பிக்டுஸ்'. மொராவியாவில் பிறந்து, மதப்போரில் ஊரையும் நாட்டையும் இழந்து அலைந்த ஆசிரியர் கொமீனியஸ் அதை எழுதினார். ஹங்கேரியின் ஷாரோஷ்படாக் என்ற ஊரில் பள்ளி நடத்திவந்தபோது எழுதியது. மரக்கட்டையில் படம் செதுக்கத் தக்க ஆள் அங்கே அமையாததால் அச்சுவேலை நியூரம்பெர்க்குக்குப் போயிற்று. மொத்தம் 150 பாடங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மரச்செதுக்குப் படம். கீழே லத்தீனிலும் ஜெர்மனிலும் சிறு வாக்கியங்கள். ரொட்டிக் கடை, தையற்காரர், அச்சகம் என்று ஒரு சிறுவன் தெருவில் காணக்கூடியவை எல்லாம் அதில் இருந்தன. அடுத்த ஆண்டே ஆங்கிலப் பதிப்பு வந்தது. நூறு ஆண்டு கழித்துச் சிறுவன் கோதேயும் அதைப் படித்துத்தான் வளர்ந்தான். கொமீனியஸின் சாமர்த்தியம் படங்களைவிட எண்களில் இருந்தது. படத்தில் உள்ள உலைக்கு ஓர் எண், மாவுக்கு ஓர் எண்; கீழே வாக்கியத்தில் அந்தந்தப் பெயருக்குப் பக்கத்தில் அதே எண். குழந்தைகள் அந்தப் படங்களைத் தாங்களே வரைந்து பார்க்கட்டும், முடிந்தால் பொருளையே நேரில் காட்டுங்கள் என்று முன்னுரையில் அவர் எழுதியது உண்மை. ஆனாலும் நிலைத்தது எண்தான். எண்ணைப் பிடித்துப் பெயருக்குப் போய்ச் சேர்ந்ததும் படத்தின் வேலை முடிந்துவிடுகிறது. படத்துக்குள் திரும்பிவரக் காரணம் எதுவும் இல்லை. மனித ஆன்மாவுக்குக்கூட அவர் படம் வைத்தார், புள்ளிகளால் ஆன ஓர் ஆள் உருவம். பெயர் ஒன்று இருந்தால் படமும் இருந்தாக வேண்டும் என்ற அந்தப் பிடிவாதம் அழகானதுதான். ஆனால் அங்கே படம் சொல்லுக்குக் கைகட்டி நிற்கிறது. நம் தேர்வுத்தாளின் பாகங்களைக் குறிக்கும் கேள்வி அந்த எண்களின் நேர் வாரிசு.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி, சுமார் ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஸ்விட்சர்லாந்தில் உருவாயிற்று. 1805 முதல் இவெர்டோன் நகரில் பெஸ்டலோட்சி நடத்திய பள்ளியில் புவியியல் எப்படிக் கற்பிக்கப்பட்டது என்று, அங்கே படித்துப் பிற்காலத்தில் வரலாற்றாசிரியரான வுல்லிமேன் எழுதிவைத்திருக்கிறார். பிள்ளைகளை ஊருக்கு அருகே பியூரோன் பள்ளத்தாக்குக்கு அழைத்துப்போவார்கள். முதலில் அதை முழுதாகப் பார்க்க வேண்டும், பிறகு பகுதி பகுதியாக. அதன் பக்கத்துக் களிமண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து வந்து, நீண்ட மேசைகளில் அந்தப் பள்ளத்தாக்கையே மண்ணால் செய்ய வேண்டும். அடுத்தடுத்த நாட்களில் இன்னும் மேலே ஏறிப் பார்த்து, மேசையில் இருந்ததை விரிவாக்க வேண்டும். அது முடிந்த பிறகுதான் வரைபடம் கண்ணில் காட்டப்படும். அந்த நேரத்தில் பிள்ளைக்கு வரைபடம் புதிராக இராது. தான் செய்ததை வேறொருவர் காகிதத்தில் எப்படிச் சுருக்கியிருக்கிறார் என்று சோதித்துப் பார்க்கும் இடத்தில் அவன் இருப்பான். நவீனப் புவியியலின் தந்தையருள் ஒருவராக மதிக்கப்படும் கார்ல் ரிட்டர் இவெர்டோனுக்கு வந்து இந்த முறையைப் பார்த்துவிட்டுப் போனவர். பார்வையைக் கற்பிக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

அது எப்படிச் சுருங்கியது என்பதற்கும் சான்று உண்டு. பெஸ்டலோட்சியிடம் பணியாற்றிவிட்டு இங்கிலாந்து திரும்பிய சார்லஸ் மேயோவின் தங்கை எலிசபெத், 1830 வாக்கில் பொருட்பாடங்களுக்கு ஒரு கையேடு எழுதினார். முதல் பாடம் கண்ணாடி. பிள்ளைகள் கண்ணாடித் துண்டைத் தொட்டுப் பார்த்து அதன் பண்புகளைச் சொல்ல வேண்டும்: வழவழப்பானது, கடினமானது, ஒளி ஊடுருவுவது. எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் வரவேண்டிய விடைகள் கையேட்டிலேயே அச்சாகிவிட்டதால், பொருள் கையில் இல்லாமலேயே பாடத்தை ஒப்பிக்க முடிந்தது. பல பள்ளிகளில் அப்படியே ஒப்பித்தார்கள். டிக்கன்ஸ் 1854-இல் 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் இந்தப் போக்கைத்தான் கிழித்தார். சர்க்கஸ் குதிரைகளுக்கு நடுவே வளர்ந்த சிறுமிக்குக் குதிரை என்றால் என்ன என்று வரையறுத்துச் சொல்லத் தெரியாமல் போகிறது. இன்னொரு பையன் பற்களின் எண்ணிக்கை உட்பட அடுக்கிச் சொல்லிப் பாராட்டு வாங்குகிறான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓவியம் பள்ளிப் பாடமானபோது நிலைமை மாறியிருக்கலாம். மாறவில்லை, ஏனென்றால் அதைக் கொண்டுவந்தவர்களின் கவலை வேறு. 1851 லண்டன் கண்காட்சிக்குப் பிறகு தங்கள் ஆலைப் பொருட்களின் வடிவமைப்பு மட்டமாக இருக்கிறது என்ற பதற்றம் இங்கிலாந்தில் எழுந்தது. சவுத் கென்சிங்டனில் வகுக்கப்பட்ட பாடத்திட்டம் 23 கட்டங்கள் கொண்டது. நேர்கோட்டில் தொடங்கி, அச்சிட்ட அலங்கார உருக்களையும் சுதைப் பிரதிகளையும் பிசகாமல் நகலெடுப்பதில் மாணவரின் காலம் கழியும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1870-இல் பத்தாயிரம் பேருக்கு மேல் வாழும் ஊர்களில் தொழில் ஓவியத்தை இலவசமாகக் கற்பிக்க வேண்டும் என்று சட்டமே போட்டது. அதற்குப் பின்னால் நின்றவர்களில் ஆலை முதலாளிகள் முக்கியமானவர்கள். சென்னையில் 1850-இல் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கி, சில ஆண்டுகளில் அரசின் கைக்குப் போன கலைப்பள்ளியும் கைத்தொழிலை மேம்படுத்துவதையே நோக்கமாகச் சொன்னது. இவற்றால் பயன் விளையவில்லை என்று சொல்ல மாட்டேன். கைக்குப் பயிற்சி கிடைத்தது. ஆனால் பார்ப்பது ஓவிய ஆசிரியரின் துறை, மற்ற ஆசிரியர்களுக்கு அதில் பொறுப்பில்லை என்ற பிரிவினை அப்போது விழுந்தது. தேர்வு நெருங்கினால் டிராயிங் மாஸ்டரின் வகுப்பைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறதென்றால், அந்தப் பிரிவினைக்கு ஆயுசு கெட்டி.

இரண்டாவது பெரிய முளை வியன்னாவில். 1925-இல் ஓட்டோ நோய்ராத் அங்கே ஒரு சமூக, பொருளாதார அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். வீட்டுவசதி, காசநோய், வேலையின்மை போன்றவற்றின் புள்ளிவிவரங்களை, அதிகம் படிக்காத தொழிலாளியும் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் திட்டம். அதற்கு அவர் வகுத்த முதல் விதி மிக எளிது: அளவு கூடினால் உருவத்தைப் பெரிதாக்காதே, எண்ணிக்கையைக் கூட்டு. வேலையற்றோர் இரு மடங்கானால், இரு மடங்கு உயரத்தில் ஓர் ஆளை வரைவது பத்திரிகைகளின் பழக்கம். உயரம் இரட்டித்தால் அகலமும் இரட்டிக்கிறது. பரப்பு நான்கு மடங்காகிக் கண் ஏமாறுகிறது. ஒரே அளவுள்ள ஆட்களை வரிசையாக நிறுத்தினால் குழந்தைகூட எண்ணிவிடும். ஓவியர் கெர்ட் ஆர்ன்ட்ஸ் இதற்காக நான்காயிரம் அளவுக்குச் சின்னங்களை வரைந்தார். அவற்றைவிட முக்கியமானது மரி ரைடெமைஸ்டர் செய்த வேலை. எண்குவியலிலிருந்து எதை எதோடு ஒப்பிட வேண்டும், எது மேலே, எது பக்கத்தில் என்று முடிவுசெய்பவர் அவர்; அதாவது படத்துக்குள் இருக்கும் வாதத்தை அமைப்பவர். வியன்னாப் பள்ளிகளிலும் இந்தப் படங்களை வைத்துப் பாடம் நடத்திப் பார்த்தார்கள். பிள்ளைகள் எண்ணினார்கள், ஒப்பிட்டார்கள், ஏன் இந்த வரிசை மட்டும் குறைந்தது என்று கேட்டார்கள். 1934-இல் ஆஸ்திரிய அரசியல் புரண்டதும் குழு ஹேக் நகருக்கு ஓடியது. 1940-இல் ஜெர்மானியப் படை அங்கும் வர, ஓட்டோவும் மரியும் படகேறி இங்கிலாந்து சேர்ந்தார்கள். 1945-இல் ஓட்டோ இறந்த பின், மரி குழந்தைகளுக்கான படநூல்களைத் தொடர்ந்து வெளியிட்டார். 1950களில் மேற்கு நைஜீரியாவுக்கான வெளியீடுகளைத் தயாரித்தபோது, வியன்னாவின் ஆளும் வீடும் அங்கே செல்லாது என்று கண்டு உடையையும் வீட்டு வடிவத்தையும் மாற்றி வரையச் செய்தார். படம் உலகப் பொதுமொழி என்று நம்பிய இயக்கமே, படத்தையும் ஊருக்கு ஊர் கற்க வேண்டியிருக்கிறது என்று ஒப்புக்கொண்ட இடம் இது. ஆனால் உலகம் எடுத்துக்கொண்டது சின்னங்களை மட்டும். கழிப்பறைக் கதவிலும் விமான நிலையத்திலும் அவற்றின் உறவினர்கள் நிற்கிறார்கள். ஒப்பிடும் கலை பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரவில்லை.

1969-இல் காட்சி எழுத்தறிவு என்ற முழக்கம் அமெரிக்காவில் எழுந்தது. அதை முன்வைத்த ஜான் டெபெஸ் கோடக் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேமரா விற்பவருக்குப் பிள்ளைகள் படம் எடுப்பதில் அக்கறை இருப்பது இயல்பே. அதே ஆண்டு உளவியலாளர் ருடால்ஃப் ஆர்ன்ஹைம், பார்ப்பதே ஒரு வகைச் சிந்தனை என்று வாதிடும் நூலை வெளியிட்டார். இவற்றைவிட வகுப்பறைக்கு நெருக்கமாக வந்தவர்கள் அபிகேல் ஹவுசனும் ஃபிலிப் யெனவைனும். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1980களின் இறுதியில், விளக்க உரைகளைக் கேட்டவர்களிடம் அவை தங்கவில்லை என்று கண்ட பிறகு உருவான முறை அவர்களுடையது. ஆசிரியர் ஓவியத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. படத்தில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய், இன்னும் என்ன தெரிகிறது என்ற மூன்றையே மாற்றி மாற்றிக் கேட்கிறார். நடுக்கேள்விதான் உயிர். கொமீனியஸின் எண் மாணவனைப் படத்திலிருந்து வெளியே அனுப்பியது. இந்தக் கேள்வி அவனைப் படத்துக்குள் திருப்பி அனுப்புகிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. அறிவில்லாத பார்வை எதைக் காணும்? எக்ஸ்ரே படத்தை முதன்முறை பார்ப்பவருக்கு நிழல்தான் தெரியும். மருத்துவருக்கு முறிவு தெரியும். எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அந்த இடைவெளி நிரம்பாது. இதற்கு வரலாறே சாட்சி. ஹார்வர்டின் விலங்கியல் பேராசிரியர் லூயி அகாசிஸ், புது மாணவரிடம் ஒரு மீனைக் கொடுத்துவிட்டு, வேறு உதவியில்லாமல் நாள்கணக்கில் அதையே பார்க்கச் சொல்வார். அவரிடம் பயின்ற சாமுவேல் ஸ்கடர் 1874-இல் எழுதிய நினைவுக்குறிப்பால் இது கல்வியாளர்களிடையே ஒரு புராணமாகவே ஆகிவிட்டது. அதே அகாசிஸ் சாகும்வரை டார்வினின் பரிணாமக் கொள்கையை ஏற்கவில்லை. பார்த்தால் போதும் என்றால் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஆசிரியர் தகவலே தரக்கூடாது என்ற நியூயார்க் முறையை அறிவியல் வகுப்புக்கு அப்படியே இறக்குமதி செய்வது சரியல்ல என்றே கருதுகிறேன். ஆனால் இந்த மறுப்பு பார்வைப் பயிற்சியை வீழ்த்தவில்லை, அதன் வரிசையைத்தான் தீர்மானிக்கிறது. இவெர்டோனில் வரைபடத்தை மறைத்துவிடவில்லை. பள்ளத்தாக்குக்குப் பிறகு கொடுத்தார்கள்.

படம் சோம்பேறியாக்கும், சொல்தான் சிந்தனையின் கருவி என்பது இன்னொரு மறுப்பு. படத்தால் முடியாதவை உண்டு என்பது மெய். யானையை வரையலாம், யானை இல்லை என்பதை வரைய முடியாது. ஒருவேளை, எனவே, ஆனால் போன்றவற்றுக்கும் உருவம் இல்லை. ஆனால் படத்தின் இந்தக் குறையைத் தெரிந்துகொள்வதும் படம் படிக்கும் பயிற்சியில்தான் அடங்கும். செங்குத்து அச்சு சுழியத்தில் தொடங்காத வரைபடம் ஒன்றைச் செல்பேசியில் பார்த்து விலை விண்ணைத் தொட்டுவிட்டது என்று நம்புகிறவர் படம் பார்த்ததால் ஏமாறவில்லை, படிக்காததால் ஏமாறுகிறார். நம் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் வரைபடத்துக்கு எட்டு மதிப்பெண் உண்டு. அளவுத்திட்டத்தை எழுது, புள்ளிகளைக் குறி, இணை என்றே அது போகிறது. அடுத்தவர் வரைந்ததைச் சந்தேகிக்க அதில் இடமில்லை.

ஐம்பது பேர் உள்ள வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்கும் ஆசிரியரை அலட்சியப்படுத்த முடியாது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், சிறு பிள்ளைகள் ஏணிப்படத்தில் தங்கள் சின்னத்தைத் தேடி, அதற்குரிய அட்டையைத் தாமே எடுத்துவந்தார்கள். பெரிய எண்ணிக்கையில் படத்தை வைத்து வேலை வாங்க முடியும் என்பது அதில் தெரிந்தது. அங்கும் சின்னம் வழிகாட்டியாகவே நின்றது என்பது வேறு விஷயம். உண்மையான முட்டுக்கட்டை விடைத்தாள் திருத்துபவரின் மேசையில் இருக்கிறது, ஆயிரக்கணக்கான தாள்களுக்கு ஒரே விடைக்குறிப்பு வேண்டும் என்பதில். ஆனால் அதற்கான வடிவம் நம்மிடம் புதிதல்ல. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் செய்முறைத் தேர்வில் மாதிரியைக் கண்டறிந்து, வரைந்து, காரணம் கூறச் சொல்கிறார்கள். எதைப் பார்த்துச் சொல்கிறாய் என்ற நியூயார்க் கேள்வி அங்கே மதிப்பெண்ணோடு உட்கார்ந்திருக்கிறது. வைக்கப்போகும் மாதிரிகள் எவை என்று முன்கூட்டியே தெரிவதால், காரணங்களையும் ரெக்கார்டு நோட்டிலிருந்து மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். வரிசையில் ஒரே ஒரு ஸ்லைடை மட்டும் நோட்டில் இல்லாததாக வைத்து, பெயருக்கு மதிப்பெண் இல்லை, காரணத்துக்கு மட்டுமே என்று அறிவிக்க, கூடுதல் பணமோ புதிய பாடநூலோ தேவைப்படாது.